மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சங்கிலிமுத்து

சோலைமலை முதலாளி எந்தக் காகிதத்திலும் ‘பொறுப்பாளர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதவிட்டதில்லை. அதை அவருடைய கெட்ட குணம் என்று சொல்ல முடியாது, தொழில் பழக்கம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலை ஆரம்பிக்கிறவர்கள் பூமி பூஜைக்கு முன்பே செய்து முடிக்கிற காரியம் அது. ஆலை முதலாளி பெயரில் இருக்கும், லாபம் முதலாளி வீட்டில் இருக்கும், பொறுப்பு மட்டும் போர்மேன் பெயரில் இருக்கும். எங்காவது ஒரு ரூம் வெடித்தால் போலீஸ் வந்து போர்மேனைத்தான் கூட்டிக்கொண்டு போகும். முதலாளி அன்று காலையில்தான் நெஞ்சுவலி என்று மதுரையில் போய்ப் படுத்திருப்பார். போர்மேன் உள்ளே இருக்கும்வரை அவர் வீட்டுக்கு அரிசி பருப்பு போகும். தீபாவளிக்குக் கூடுதலாக ஒரு சேலையும் போகும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் யாரும் கேட்கவில்லை.

ஆகையால், வெளிநாட்டுக் கார் வாங்க முதலாளி சென்னைக்குப் போனபோது, “கம்பெனி பெயரில் வண்டி எடுத்தால் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயரைப் போட வேண்டும் சார்” என்று ஷோரூம் பெண் சொன்னதும், அவர் பேனாவை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் டிரைவர் சங்கிலிமுத்து நின்றுகொண்டிருந்தான்.

“ஏலே சங்கிலி, ஒன் முழுப் பேரு என்னலே?”

“அம்புட்டுத்தான் மொதலாளி. சங்கிலிமுத்து.”

“போட்டுக்கங்கம்மா.”

நடந்தது இவ்வளவுதான். ஒரு மனிதனுடைய தலையெழுத்து மாற இதற்கு மேல் ஒன்றும் நடக்க வேண்டியதில்லை.

சங்கிலிமுத்துவின் குடும்பம் அவன் அப்பா காலம்வரை கரிசல்காட்டில் கூலி வேலை பார்த்தது. மழை பொய்த்து, கிணறு வறண்டு, தெருவே பட்டாசு ஆலை வேனில் ஏறிப்போக ஆரம்பித்தபோது அவன் அண்ணனும் ஏறினான். மருந்து கலக்கும் ரூமில் வேலை. ஒரு நாள் அந்த ரூம் இல்லை. அடையாளம் காட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். சங்கிலிமுத்து போய்ப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். பிச்சை எடுத்தாலும் மருந்து ரூம் வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தான். லாரியில் கிளீனராகத் தொற்றி, திட்டும் அடியும் வாங்கி ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்தான். அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் ராத்திரி படுப்பான். பெண்டாட்டி பொன்மணி சோலைமலை முதலாளியின் ஆலையில் வெடிக்குத் திரி வைக்கப் போனாள். ஒரு வீட்டில் ஒருத்தருக்காவது ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்பது புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஒப்பந்தம்.

காரின் பெயர் ரோத்தன்ஹைம். அதை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ‘மொதலாளி வண்டி’ என்றால் போதும்.

அந்த வண்டியை நம்மூர் மாதிரிச் சாவியைத் தூக்கிக் கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டார்கள். ஷோரூமில் விளக்குகளை அணைத்தார்கள். காரின் மேல் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. எங்கிருந்தோ பிடில் வாசித்தார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து நின்றார். அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர்’ என்று எழுதியிருந்தது.

“மிஸ்டர் சங்கிலிமுத்து, நீங்கள் இன்று ஒரு கார் வாங்கவில்லை. ஒரு குடும்பத்தில் பிறந்திருக்கிறீர்கள்” என்று சொல்லி, சந்தன மாலையைக் கொண்டுவந்து சங்கிலிமுத்துவின் கழுத்தில் போட்டார். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலாளியைப் பார்த்தான். முதலாளி கையில் பணப்பையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கேக் வெட்டினார்கள். முதல் துண்டு சங்கிலிமுத்துவுக்கு. இரண்டாவது துண்டு போட்டோக்காரருக்கு. முதலாளிக்கு வருவதற்குள் கேக் தீர்ந்துவிட்டது.

“பரவால்ல, எனக்குச் சுகர்” என்றார் முதலாளி.

ஊருக்கு வந்ததும் இருக்கன்குடி மாரியம்மனுக்குத்தான் முதலில் வண்டியைக் கொண்டுபோனார்கள். ஆடி வெள்ளி. அர்ச்சுனா நதி மணலில் கால் வைக்க இடமில்லை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. தீபாராதனைத் தட்டை வாங்குவதற்காகச் சங்கிலிமுத்து கீழே இறங்கிக் கதவைச் சாத்தினான். ‘டக்’ என்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டன. ஏசி நின்றது. உள்ளே முதலாளியும், பட்டுச்சேலை கட்டிய அவர் சம்சாரம் வெள்ளைத்தாயும்.

சங்கிலிமுத்து ரிமோட்டை அமுக்கினான். வண்டி பீப் பீப் என்று சிரித்தது, திறக்கவில்லை. சாவியைப் போட்டுத் திருகினான். அதுவும் ஆகவில்லை. உள்ளே முதலாளி கையை ஆட்டினார். சுற்றி நின்ற ஜனம், பெரிய மனுஷன் ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று கும்பிட்டது. பூசாரிக்கும் வெளியில் வர மனமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்திப் பழக்கமில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியிலேயே, வெள்ளைத்தாயின் நெற்றி இருந்த இடம் பார்த்துக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். வெள்ளைத்தாய் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். அம்மாவுக்கு அருள் இறங்கிவிட்டது என்று ஒரு கிழவி குலவை போட்டாள்.

கடைசியில் யாரோ ஒரு புண்ணியவதி, அருள் வந்தவளைக் குளிர்விக்கிறேன் என்று ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் காரின் மேல் ஊற்றினாள். சூடு தணிந்ததும் பூட்டு தானாகத் திறந்தது. வெள்ளைத்தாய் வேர்வையில் தெப்பமாக நனைந்து இறங்கினாள்.

“இது காராய்யா? இட்லிக் கொப்பரையில்ல! இன்னுஞ் சித்த நேரம் போனா ரெண்டு பேரும் வெந்து எறங்கியிருப்போம்” என்றாள்.

“சத்தம் போடாத. எம்புட்டு வெல குடுத்து வாங்குன வண்டி. பூட்டிக்கிருச்சுன்னு தெரிஞ்சா நாலு பய சிரிப்பான்” என்றார் முதலாளி. அவர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

மறுநாள் ஆலை ஆபீஸிலிருந்து கார் கம்பெனிக்குப் போன் போட்டார். கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அந்தப் பக்கம் எடுத்த பெண் பாவம், தேனாகப் பேசினாள்.

“வணக்கம் சார். பொறுப்பாளர் மிஸ்டர் சங்கிலிமுத்துவிடம் பேசலாமா?”

“நாந்தாம்மா மொதலாளி. துட்டுக் குடுத்தவன்.”

“மகிழ்ச்சி சார். மிஸ்டர் சங்கிலிமுத்து பக்கத்தில் இருக்கிறாரா?”

முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பொறுப்பாளரைத் தவிர வேறு யாருடைய குரலையும் கம்பெனி கேட்பதற்கு அனுமதி இல்லையாம். போன் வயர் கட்டை. சங்கிலிமுத்து பேசுவதற்காக முதலாளி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து முதலாளிமார் முன்னால் உட்கார்ந்தறியாத மனிதன், நாற்காலி நுனியில் அரைகுறையாக உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

“ரொம்ப நல்லது சார். இதை எந்தத் தலைப்பில் பதிவு செய்யட்டும்?”

“கம்ப்ளெயின்ட்டுன்னு போட்டுக்கங்கம்மா.”

“மன்னிக்கணும் சார். எங்கள் கம்ப்யூட்டரில் அந்தத் தலைப்பு இல்லை. ‘இனிய அனுபவம்’, ‘மறக்க முடியாத அனுபவம்’ என்று இரண்டுதான் இருக்கிறது.”

சங்கிலிமுத்து ரிசீவரைப் பொத்திக்கொண்டு முதலாளியைக் கேட்டான். முதலாளி யோசித்துவிட்டு, “ரெண்டாவதப் போடச் சொல்லுலே” என்றார்.

மதுரை சர்வீஸ் சென்டரில் பூனைமுடி மாதிரி மெத்தென்ற சோபா போட்டிருந்தார்கள். நுரையில் இலை வரைந்த காபி கொடுத்தார்கள். இன்ஜினியர் தம்பி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வண்டியின் அடியில் ஒரு வயரைச் சொருகி, கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“வண்டியில் ஒரு குறையும் இல்லை. நன்றாக இருப்பதாக வண்டியே சொல்கிறது.”

“வண்டி பொய் சொல்லுச்சுன்னா சார்?” என்று கேட்டான் சங்கிலிமுத்து. நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான்.

“இந்த விலையில் இருக்கிற வண்டிகள் பொய் சொல்லாது.”

பிறகு டயரில் எலுமிச்சம்பழத் தோல் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, இடுக்கியால் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டார். கம்பெனி அங்கீகரிக்காத திரவம் வண்டியில் பட்டிருக்கிறது என்றார். உங்கள் ஊர்க் காற்றில் கந்தகம் இருக்கிறது. அது வண்டியின் மனதைக் கெடுத்திருக்கலாம் என்றார். கதவு பூட்டிக்கொள்வது கோளாறு இல்லை, ‘அறிவார்ந்த அரவணைப்பு’. சூடு கூடினால் வெளியே ஆபத்து என்று நினைத்து வண்டி உங்களை அணைத்துக்கொள்கிறது என்றும் சொன்னார். வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள் என்பது அவருடைய கடைசி யோசனை.

“சிவகாசியில வெயில் இல்லாத எடம் எதுன்னு நீங்களே வந்து காட்டிட்டுப் போங்க சார்” என்றார் முதலாளி. சங்கிலிமுத்து சொல்லியிருந்தாலாவது அதைப் பதிவு செய்திருப்பார்கள். முதலாளி சொன்னதால் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் வண்டி அடிக்கடி அணைத்துக்கொண்டது. சாத்தூர் ரயில்வே கேட்டில் ஒரு முறை, கல்யாண மண்டப வாசலில் ஒரு முறை. வண்டிக்குள் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொல்லி வெள்ளைத்தாய் ஏற்பாடு செய்தாள். உள்ளே இருக்கிற தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றுவது எப்படி என்று அவளை யாரும் கேட்கவில்லை. முதலாளியும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இவ்வளவு விலை கொடுத்த பொருள் சரியில்லை என்று சொன்னால், விலை கொடுத்தவன் முட்டாள் என்று ஆகிவிடுகிறது. தொழிலதிபர்களுக்கு உயிரைவிட அது முக்கியம்.

ஒரு நாள் சென்னையில் ரோத்தன்ஹைம் குடும்ப விழா என்று சங்கிலிமுத்து வீட்டுக்கு அழைப்பிதழ் வந்தது. பொறுப்பாளருடன் ஒரு விருந்தினர் வரலாம் என்று போட்டிருந்ததால் முதலாளியும் போனார். கடலைப் பார்த்த ஐந்து நட்சத்திர ஓட்டல். வந்திருந்தவர்கள் எல்லாரும் பெரும்புள்ளிகள். சங்கிலிமுத்து கை கழுவப் போன இடத்தில் விருதுநகர்ப் பருப்பு மில்காரர் ஒருவர், ஊர்ப்பேச்சைக் கேட்டதும் பாசமாகிவிட்டார்.

“ஒங்க வண்டி எப்படிப்பா? எனக்கு ஓடிக்கிட்டு இருக்கையிலயே பிரேக் கல்லாட்டம் எறுகிருது. ரெண்டு தடவ புளியமரத்துல சாத்தப் பாத்தேன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு டாக்டரின் குரல் கேட்டது: “எனக்கு ஏசியிலேருந்து புகை வருது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த வருஷம் விக்கணும்.”

இதே இரண்டு பேரும் சற்று நேரத்தில் மேடையேறி, இப்படி ஒரு வண்டியைத் தங்கள் வாழ்நாளில் கண்டதில்லை என்று சொன்னார்கள். அது உண்மைதான். மகிழ்ச்சி மேலாளர் உருகிப்போய்ப் பேசினார்.

“சாதாரணக் கார் வைத்திருப்பவர்கள் புகார் செய்வார்கள். அது அவர்கள் வளர்ப்பு. நாம் புகார் செய்வதில்லை, பொறுத்துக்கொள்கிறோம். உலகத்திலேயே ஒரு குறைகூடப் பதிவாகாத கார் நம்முடையது. எப்படி என்று போட்டிக் கம்பெனிகள் கேட்கிறார்கள். ரொம்ப எளிது. நாங்கள் பதிவு செய்வதில்லை.”

கைதட்டல் அடங்கியதும் சங்கிலிமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இத்தனை பெரிய மனுஷர்கள் இருக்கும் இடத்தில் சொன்னால் ஒரு வழி பிறக்கும் என்று நம்பினான். பாவம், அவனுக்குப் பெரிய மனுஷர்களை டிரைவர் கண்ணாடியில் பார்த்துத்தான் பழக்கம்.

“ஐயாமாரே, வண்டி தானாப் பூட்டிக்கிருது. உள்ள இருக்கவுக வெளிய வர முடியல...”

மகிழ்ச்சி மேலாளர் மைக்கை மெதுவாகப் பிடுங்கினார். “கேட்டீர்களா? உள்ளே உட்கார்ந்தால் வெளியே வரவே முடியாத கார்!” அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பருப்பு மில்காரர்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது அது நடந்தது. வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்து, லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. பட்டாசு ஆலைக்குள் எந்த வண்டியும் போகக்கூடாது. வெளிக்கேட்டிலேயே என்ஜினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வெறுங்காலோடு நடந்துதான் போக வேண்டும். சங்கிலிமுத்து கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, அணைத்து, வாட்ச்மேனைக் கூப்பிட இறங்கினான். பின்சீட்டில் முதலாளி செல்போனில் லோடுக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். ‘டக்.’

சங்கிலிமுத்து அசரவில்லை. வாட்ச்மேனிடம் தண்ணீர் கேட்டான். அப்போதுதான் ஏசி ஓட்டையிலிருந்து கறுப்பாக ஒரு புகை கிளம்பியது. தண்ணீரை ஊற்றினார்கள். பூட்டுத் திறக்கவில்லை. உள்ளே முதலாளி இருமிக்கொண்டே கம்பெனியின் அவசர உதவிக்குப் போன் போட்டார். பிறகு அந்தப் போனைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி, சங்கிலிமுத்துவைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து கத்தினார். கண்ணாடி வழியாக மெல்லத்தான் கேட்டது.

“ஒங்கிட்டத்தாம்லே பேசுவாகளாம்! பொறுப்பாளர் வரணுமாம்!”

சங்கிலிமுத்து வெளியிலிருந்து கண்ணாடியில் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி சுட்டது. முதலாளியின் கண் பிதுங்கிக்கொண்டு வந்தது. கேட்டுக்கு உள்ளே நூற்றுக்கணக்கான பெண்கள் வெடிமருந்தின் நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். அதில் பொன்மணியும் இருக்கிறாள். அவன் ஓரத்தில் கிடந்த எல்லைக்கல்லைத் தூக்கி ஓங்கிப் போட்டான். கண்ணாடி மட்டும் கம்பெனி சொன்ன மாதிரியே உறுதியாக இருந்தது. வாட்ச்மேனும் அவனும் மாறி மாறிப் போட்டு ஒரு வழியாக உடைத்தார்கள். முதலாளியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். இழுத்த வேகத்தில் அவன் கையெல்லாம் கிழிந்தது. அவர் தரையில் விழுந்த மறுகணம் வண்டி குப்பென்று பற்றிக்கொண்டது.

ஆலை மணியை அடித்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பருத்திக்காட்டுப் பக்கம் ஓடினார்கள். எல்லாரும் ஓடின திசைக்கு எதிர்த்திசையில் பொன்மணி மட்டும் ஓடிவந்தாள். நல்ல வேளையாகக் காற்று ஆலைக்கு எதிர்ப்பக்கமாக அடித்தது. மணல் வாளிகளில் மணலும் இருந்தது. அந்த வாரம்தான் இன்ஸ்பெக்டர் வந்து போயிருந்தார். தீ கேட்டைத் தாண்டவில்லை.

முதலாளி மண்ணில் உட்கார்ந்தபடியே சங்கிலிமுத்துவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீ மனுசன் இல்லலே. என் கொலசாமி.”

அந்த வார்த்தை ஒரு வாரம் தாங்கியது.

விசாரணைக்குக் கம்பெனியிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். சாம்பலைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அள்ளினார்கள். காரை எரிந்த கார் என்று யாரும் சொல்லக்கூடாதாம். எரியவில்லை, ‘வெப்ப நிகழ்வு’ ஒன்று நடந்திருக்கிறது. மகிழ்ச்சி மேலாளரும் கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். சங்கிலிமுத்துவை உட்கார வைத்துக் கேட்டார்கள்.

“கண்ணாடியை உடைப்பதற்கு முன்பு தீ இருந்ததா?”

“பொகையா வந்துச்சு சார்.”

“தீ இருந்ததா?”

“தீ... கண்ணுல படல.”

“உடைத்த பிறகு?”

“பத்திக்கிருச்சு.”

“ரொம்ப நன்றி மிஸ்டர் சங்கிலிமுத்து. எங்கள் வாடிக்கையாளர்கள் எப்போதும் உண்மை பேசுபவர்கள்.”

முதலாளி வீட்டுக் கூடத்தில் முடிவை வாசித்தார்கள். மூடிய காருக்குள் காற்று இல்லாததால் தீ பிறக்கவே இல்லை. பொறுப்பாளர் கண்ணாடியை உடைத்ததால் காற்று உள்ளே போனது. காற்று போனதால் தீ பிறந்தது. ஆகவே நிகழ்வுக்குக் காரணம் பொறுப்பாளரின் கவனக்குறைவு.

“எங்கள் கார் அவரைக் கடைசிவரை பாதுகாத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் புகை தானாகவே அடங்கியிருக்கும்” என்றார் மேலாளர்.

கண்ணாடி கிழித்த கையில் தானும் கட்டுப் போட்டிருந்த முதலாளி நிமிர்ந்தார். “பொகை அடங்கியிருக்கும் சார். நான்?”

“அதைப் பற்றிய தரவு எங்களிடம் இல்லை சார்.”

முதலாளி எழுந்து அவர்களைத் திட்டித் துரத்தியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். மேலாளர் கதவு வரைக்கும் போய்த் திரும்பி, பொறுப்பாளர் தன் கவனக்குறைவை எழுத்தில் ஒப்புக்கொண்டால், குடும்பப் பாசத்தின் பேரில் கம்பெனி ஒரு புதுக் கார் தரும் என்றார். முதலாளி உட்கார்ந்துவிட்டார். அதே வாரம், ஆலை எல்லையில் தீப்பிடித்ததற்கு யார் பொறுப்பு என்று தெரியும்வரை ஆலையைத் திறக்கக்கூடாது என்று அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் ஆலை பூட்டிக் கிடந்தால் முதலாளிக்கு ஒரு வருஷம் போச்சு. தெருவுக்குச் சோறு போச்சு.

ஆலை மேனேஜர் பத்திரகாளி சங்கிலிமுத்துவின் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். நல்ல மனிதர், சங்கடமான வேலைக்கு வந்த வீட்டில் காபி குடிக்க மாட்டார்.

“தம்பி, ஒரு கையெழுத்துத்தான். அதுலயே கம்பெனியும் சரியாயிரும், ஆலையும் தொறந்துரும். போலீசுல சும்மா பேருக்கு ஒரு கேசு. சித்த நாள் உள்ள இருந்துட்டு வரணும். வீட்டுக்கு அரிசி பருப்பு மொதலாளி பாத்துக்கிருவாரு.”

“லைசென்சு அண்ணாச்சி?”

பத்திரகாளி சுவரைப் பார்த்தார். “அது கேன்சல் ஆகும்தான்.”

“அவரு உசுர இவுகதான காப்பாத்துனாக?” என்றாள் பொன்மணி.

“அத மொதலாளி மறக்கலம்மா. நேத்துக்கூட கண்ணுல தண்ணி விட்டாரு. அது வேற, இது வேற.”

அவர் போன பிறகு பொன்மணி புருஷனைப் பார்த்து, “போட்ராதீக. லைசென்சு போச்சுன்னா அப்புறம் எங்க போவீக? அந்த ரூமத் தவிர ஒங்களுக்கு யாரு வேல குடுப்பாக?” என்றாள். வெளியே வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆலை பூட்டியதால் வேலை இல்லாத தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கையெழுத்துப் போடு என்று கேட்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்தாய் மட்டும், “தீவாளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணும்னு நெனச்சோம். அதான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றாள். எதைப் பார்த்துவிட்டுப் போக என்று அவளும் சொல்லவில்லை. அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார்கள்.

சங்கிலிமுத்து போய்க் கையெழுத்துப் போட்டான். மகிழ்ச்சி மேலாளர் எழுந்து நின்று கைகொடுத்து, உங்களைப் போன்ற வாடிக்கையாளர் கிடைக்கக் கம்பெனி கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான். சாயங்காலமே சீலை எடுத்தார்கள். மறுநாள் காலை ஆலை வேன்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தன. ஹார்ன் சத்தம் கேட்டபோது அவன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே இருந்த நாளெல்லாம் அரிசி பருப்பு ஒழுங்காக வந்தது. சொன்ன சொல் தவறுகிற ஆள் இல்லை சோலைமலை முதலாளி. தீபாவளிக்குச் சேலையும் வந்தது. பொன்மணி அதைக் கட்டவில்லை.

அவன் வெளியே வந்த அன்று ஒரு போன் வந்தது. தேன் குரல்தான்.

“மிஸ்டர் சங்கிலிமுத்து, எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? இனிய அனுபவமா, மறக்க முடியாத அனுபவமா?”

இதில் ஏதாவது தப்பாகச் சொல்லி, அதற்கும் ஒரு விசாரணை வந்துவிடுமோ என்று பயந்தான்.

“ரெண்டும்தாம்மா” என்றான்.

புதுக் கார் வந்துவிட்டது. புது டிரைவரும் வந்துவிட்டான். பொறுப்பாளர் யார் என்று கேட்பானேன். சங்கிலிமுத்து நாலு மாதம் வேலை தேடினான். லாரி ஆபீஸில் லைசென்ஸ் கேட்டார்கள். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் ஜெயிலுக்குப் போனவனா என்று கேட்டார்கள். கண்ணாடியை உடைத்துத் தீ வைத்தவன் என்று பேர் எப்படியோ எல்லா ஊருக்கும் முந்திப் போயிருந்தது. ஒரு கட்டத்தில் அவனுக்கே சந்தேகம் வந்தது. நான் கல்லைப் போடாமல் இருந்திருந்தால் எரிந்திருக்காதோ, பொன்மணி, என்று ஒரு மத்தியானம் கேட்டான். அவள் வெடித்து அழுதாள். அவன் ஜெயிலுக்குப் போனபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

கடைசியில் முதலாளியிடமே போனான். வாட்ச்மேன் வேலை கேட்டான். அதில் ஆள் இருந்தது. முதலாளிக்கு அவன் மேல் இருந்த பிரியம் குறையவில்லை. ஆலை முழுக்கத் தேடிப் பார்த்து ஒரு இடம் காலி இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

விடியற்காலை வேனில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். பொன்மணி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆலைக்குள், மற்ற கட்டிடங்களைவிட்டுத் தள்ளி, தனியாக நின்றது மருந்து ரூம். சங்கிலிமுத்து செருப்பைக் கழற்றினான். பழைய போர்மேன் ஒருவர் அவன் கையைப் பிடித்து, வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிவிடுமாம். தொட்டான். கால் வாசலைத் தாண்ட மறுத்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். நாலு பக்கமும் நாலு கதவு. எதிலும் தாழ்ப்பாள் இல்லை. நாலும் வெளிப்பக்கமாக விரியத் திறந்து கிடந்தன.

“இங்கனயாவது கதவு பூட்டாது போல அண்ணாச்சி” என்றான்.

“பூட்டவே கூடாதுப்பா, சட்டம். ஏதாச்சும்னா எந்தப் பக்கமும் ஓடலாம்” என்றார் போர்மேன். தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, சொல்ல விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: “இதுவரைக்கும் ஒருத்தரும் ஓடுனது இல்ல. நேரம் இருக்காது.”